நெட்வொர்க்கிங் டிப்ளமோ செய்முறைத் தேர்வு: சப்நெட், டிரங்க், கேபிள் மூன்றிலும் மாட்டிக்கொள்கிறேன்

முதல்_ஹாப்:

வணக்கம் நண்பர்களே. கணினி நெட்வொர்க்கிங் டிப்ளமோ, இரண்டாம் பருவம். இன்னும் ஆறு வாரத்தில் மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வு. ஓஎஸ்ஐ அடுக்குகள், போர்ட் எண்கள் எல்லாம் எழுத்துத் தேர்வுக்குத் தயார். லேபில் உட்கார்ந்தால்தான் கை நின்றுவிடுகிறது.

முதலில் சப்நெட்டிங், அதாவது ஒரு முகவரித் தொகுதியைச் சிறு சிறு நெட்வொர்க்குகளாக (சப்நெட்) பிரிப்பது. மாதிரிக் கேள்வியில் 192.168.10.0/24-ஐ (/24 என்பது பிரீஃபிக்ஸ்: முதல் 24 பிட் நெட்வொர்க்குக்கு; அதையே 255.255.255.0 என்று எழுதினால் மாஸ்க்) முறையே 10, 100, 50, 25 கணினிகள் உள்ள நான்கு பிரிவுகளுக்கும், இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவிலான ஓர் இணைப்புக்கும் பிரிக்கச் சொல்கிறார்கள். கேள்வியில் இருந்த வரிசைப்படி முதல் பிரிவுக்கு 192.168.10.0/28 கொடுத்தேன். அது 15-ல் முடிகிறது. அதனால் 100 கணினிகளுக்கு 192.168.10.16/25. ரவுட்டரின் இரண்டாவது இன்டர்ஃபேஸில் (போர்ட்டில்) 192.168.10.17, 255.255.255.128 என்று போட்டதும் ரவுட்டர் "ஓவர்லேப்ஸ்" என்று மறுக்கிறது. 15-ல் முடிந்த பிறகுதானே 16 தொடங்குகிறது, எங்கே மோதுகிறது?

அடுத்து, ஒரு ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச் வைத்து ரவுட்டர்-ஆன்-எ-ஸ்டிக்: பல வீலேன்களை (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) டிரங்க் என்ற ஒரே இணைப்பில் சுமந்து ரவுட்டருக்குக் கொண்டுபோவது. வீலேன் 10 நன்றாக ஓடியது. பிறகு வீலேன் 20-ஐச் சேர்த்தேன். 20 ஓடுகிறது, இரண்டாவது ஸ்விட்ச்சில் இருக்கும் வீலேன் 10 கணினிகள் மட்டும் கேட்வேயை (வெளியே போகும் வழியான ரவுட்டர் முகவரியை) தொட முடியவில்லை.

மூன்றாவது கேபிள். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக இரு முனையிலும் ஒரே மாதிரி பிளக்கில் கிரிம்ப் செய்தேன் (அழுத்திப் பொருத்தினேன்). டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனாலும் தவறு என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். ஏன்?

பயிற்சிக்கு பாக்கெட் டிரேசர் (சிஸ்கோவின் நெட்வொர்க் சிமுலேட்டர் மென்பொருள்) மட்டும் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

கடைசி_ஆக்டெட்:

சப்நெட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

"இந்த சப்நெட் 16-ல் தொடங்குகிறது" என்று நீங்கள் ரவுட்டருக்குச் சொல்லவே இல்லை. ஒரு முகவரியும் ஒரு மாஸ்க்கும் கொடுத்தீர்கள். தொடக்கத்தை அது தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. கடைசி எண் 17-ஐ இருமத்தில் எழுதுங்கள்: 00010001. அதன் கீழே மாஸ்க்கின் 128: 10000000. மேலும் கீழும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 வரும் என்றால், இங்கே எட்டு இடமும் பூச்சியம். ஆக ரவுட்டரின் கணக்கில் நீங்கள் கொடுத்த சப்நெட் 192.168.10.0-ல் தொடங்கி 127 வரை போகிறது. அதற்குள் 0 முதல் 15 வரை ஏற்கெனவே முதல் இன்டர்ஃபேஸ் பிடித்து வைத்திருக்கிறது. மோதல் அங்கே.

ஒரு சப்நெட் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். /25-இன் அளவு 128, அதனால் அது 0-லோ 128-லோ மட்டும் தொடங்கும். /26 என்றால் 0, 64, 128, 192. /28 என்றால் 16-இன் மடங்குகள். இந்த ஒரு விதி கையில் இருந்தால் பாதித் தவறுகள் வராது. பெரிய பிரிவிலிருந்து தொடங்கு என்று வகுப்பில் சொல்வதும் இதற்காகத்தான்: பெரியதை முதலில் வைத்துவிட்டால் அடுத்தது தானாகவே தன் மடங்கில் வந்து உட்காரும்.

உங்கள் கணக்கு இப்படி வரும்:

100 கணினி: 192.168.10.0/25, 0 முதல் 127
50 கணினி: 192.168.10.128/26, 128 முதல் 191
25 கணினி: 192.168.10.192/27, 192 முதல் 223
10 கணினி: 192.168.10.224/28, 224 முதல் 239
ரவுட்டர் இணைப்பு: 192.168.10.240/30, 240 முதல் 243

244-லிருந்து 255 வரை மிச்சம். ஒவ்வொன்றிலும் முதல் முகவரி நெட்வொர்க்குக்கு, கடைசி முகவரி பிராட்காஸ்ட்டுக்கு (அந்த சப்நெட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப).

விடைத்தாள் கையில் வந்ததும் ஓரத்தில் மூன்று வரி எழுதிவிடுங்கள்.

128 64 32 16 8 4 2 1
128 192 224 240 248 252 254 255
25 26 27 28 29 30 31 32

முதல் வரி சப்நெட்டின் அளவு, அதற்கு நேர் கீழே மாஸ்க், அதற்குக் கீழே பிரீஃபிக்ஸ். 16 என்றால் 240, /28. இதற்கு மேல் மனப்பாடம் எதுவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. "30 கணினிகள்" என்று கேள்வி வந்தால் /27 என்று எழுதக் கை பரபரக்கும், ஏனென்றால் அதில் பயன்படுத்தக்கூடிய முகவரி சரியாக 30. ஆனால் கேட்வேக்கும் ஒரு முகவரி வேண்டுமே, அப்போது 31. /26-க்குப் போக வேண்டும். 14, 62, 126 என்று கேட்டாலும் இதே கதைதான். கேள்வியில் "கேட்வே உட்பட" என்று இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

மற்றொன்று, மாஸ்க் மூன்றாவது எண்ணுக்கு நகரும்போது வருவது. 172.16.37.200/22 எந்த சப்நெட்டில் இருக்கிறது? மாஸ்க் 255.255.252.0, அளவு 4, ஆனால் அந்த 4 மூன்றாவது எண்ணில். 37-ஐத் தாண்டாத 4-இன் மிகப் பெரிய மடங்கு 36. ஆக 172.16.36.0-லிருந்து 172.16.39.255 வரை. இதற்குள் 172.16.37.255-ம் 172.16.38.0-ம் கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய முகவரிகள். 255-ல் முடிந்தாலே பிராட்காஸ்ட், 0-வில் முடிந்தாலே நெட்வொர்க் என்று பழகியவர்கள் இந்த இடத்தில்தான் விழுவார்கள். பயிற்சிக்கு /24-ஐ விட்டுவிட்டு /19 முதல் /23 வரை தினம் பத்துக் கணக்குப் போடுங்கள்.

நேட்டிவ்_ஒன்று:

வீலேன் 10 ஏன் நின்றது என்பதை உங்கள் கன்ஃபிக் (நீங்கள் கொடுத்த அமைப்புக் கட்டளைகள்) பார்க்காமலே சொல்லிவிடலாம். இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவிலுள்ள போர்ட்டில் முதலில் "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் 10" கொடுத்திருப்பீர்கள். பிறகு "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் 20". இரண்டாவது கட்டளை பட்டியலில் சேர்க்காது, பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். சேர்க்க வேண்டுமென்றால் எண்ணுக்கு முன்னால் "ஆட்" என்ற சொல் வேண்டும்: "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் ஆட் 20". எடுக்க "ரிமூவ்".

இதைத் தேர்வுக்காக மட்டும் நினைவில் வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில், தூரத்திலிருந்து ஒரு ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து "ஆட்" இல்லாமல் தட்டினால், நீங்கள் உள்ளே வந்த மேனேஜ்மென்ட் வீலேனே அறுந்துபோகும். திருத்தக்கூட உள்ளே போக முடியாது. யாராவது கன்சோல் கேபிளோடு (கருவியில் நேரடியாகச் செருகி உள்ளே நுழைவதற்கானது) அந்த ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

டிரங்க் சிக்கல் எதுவானாலும் "ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்" போடுங்கள். அது நான்கு பகுதியாக வரும், மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதல் பகுதியில் உங்கள் போர்ட்டே இல்லையென்றால் அது டிரங்க் ஆகவே இல்லை. இரண்டாவது, நீங்கள் அனுமதித்த வீலேன்கள். மூன்றாவது, அனுமதித்தவற்றுள் இந்த ஸ்விட்ச்சில் உண்மையிலேயே உருவாக்கப்பட்டு இயங்குபவை. நான்காவது, அவற்றுள் ஸ்பானிங்-ட்ரீ (தரவு வட்டமாகச் சுற்றும் லூப்பைத் தடுக்கும் முறை) கடந்துபோக விட்டவை. உங்கள் வீலேன் எந்தப் பகுதியில் காணாமல் போகிறது என்று பாருங்கள், காரணம் அந்த இடத்திலேயே இருக்கும்.

ரவுட்டர் பக்கம் பிழை வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ரவுட்டரின் போர்ட்கள் தொடக்கத்தில் மூடியே இருக்கும். சப்-இன்டர்ஃபேஸில் (ஒரே போர்ட்டை வீலேனுக்கு ஒன்றாகப் பிரித்த பகுதியில்) எவ்வளவு எழுதினாலும் தாய் இன்டர்ஃபேஸில் "நோ ஷட்டவுன்" கொடுக்காமல் எதுவும் எழாது. சப்-இன்டர்ஃபேஸில் "என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 10" (டாட்1க்யூ என்பது தரவில் வீலேன் எண்ணை ஒட்டி அனுப்பும் முறை) முதலில், ஐபி முகவரி பிறகு. மாற்றிக் கொடுத்தால் ஏற்காது. சப்-இன்டர்ஃபேஸின் எண் வெறும் பெயர்தான், வீலேனைத் தீர்மானிப்பது டாட்1க்யூ-க்குப் பக்கத்தில் உள்ள எண். மூன்றாவதாக, ரவுட்டரைப் பார்த்திருக்கும் ஸ்விட்ச் போர்ட். டிரங்க் ஆகலாமா என்று ரவுட்டர் பேரம் பேசாது, அதனால் அந்த போர்ட்டில் "ஸ்விட்ச்போர்ட் மோட் டிரங்க்" என்று நீங்களே எழுத வேண்டும். சிஸ்கோவின் 2960 ஸ்விட்ச் இரண்டை அப்படியே இணைத்தாலும் டிரங்க் வராது. இரண்டும் "டைனமிக் ஆட்டோ" நிலையில், எதிர்ப் பக்கம் முதலில் கேட்கட்டும் என்று காத்திருக்கும்.

முதல்_ஹாப்:

ரொம்ப நன்றி. "ஆட்" இல்லாததுதான் காரணம், சேர்த்ததும் 10 வந்துவிட்டது. சப்நெட்டும் புரிந்தது.

இன்று லேபில் உண்மையான ஸ்விட்ச் மூன்றை வரிசையாக இணைத்துச் செய்து பார்த்தேன். நடு ஸ்விட்ச்சில் கணினி எதுவும் இல்லை, இரு பக்கமும் டிரங்க் மட்டும். இப்போது 10 ஓடுகிறது, 20 போகவில்லை. நடு ஸ்விட்ச்சின் "ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்"கில் 20 இரண்டாவது பகுதியில் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. நடு ஸ்விட்ச்சில் நான் எந்த வீலேனையும் உருவாக்கவில்லை. அப்படியானால் 10 மட்டும் எப்படிப் போகிறது? ஆரம்பிக்கும் முன் "இரேஸ் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்" கொடுத்து ரீலோடும் செய்தேன்.

நேட்டிவ்_ஒன்று:

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டாவதில் இருந்து மூன்றாவதில் இல்லை என்றால், அந்த ஸ்விட்ச்சில் வீலேன் 20 உருவாக்கப்படவில்லை. முனைகளில் உள்ள ஸ்விட்ச்சில் "ஸ்விட்ச்போர்ட் அக்சஸ் வீலேன் 20" கொடுத்தபோது, இல்லாத வீலேனை அதுவே உருவாக்கிக்கொண்டிருக்கும். நடு ஸ்விட்ச்சில் அந்தக் கட்டளைக்கு வேலையே இல்லை, அதனால் அங்கே யாரும் உருவாக்கவில்லை. தனக்குத் தெரியாத வீலேனின் ஃபிரேமை (தரவுப் பொட்டலத்தை) ஸ்விட்ச் கீழே போட்டுவிடும். நடு ஸ்விட்ச்சில் "வீலேன் 20" என்று ஒரு வரி போதும்.

10 எப்படி ஓடியது என்பது நல்ல கேள்வி. வீலேன் விவரங்கள் ஸ்டார்ட்அப் கன்ஃபிக்கில் இல்லை, ஃபிளாஷில் "வீலேன்.டாட்" என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. "இரேஸ் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்" அதைத் தொடாது. உங்களுக்கு முன் அந்த ஸ்விட்ச்சில் உட்கார்ந்தவர்கள் உருவாக்கிய வீலேன் 10 இன்னும் உயிரோடு இருக்கிறது. தேர்வன்று பழைய ஸ்விட்ச் கைக்கு வந்தால் முதல் வேலையாக "ஷோ வீலேன் பிரீஃப்" பாருங்கள். தெரியாத பெயர்கள் இருந்தால் "டிலீட் வீலேன்.டாட்", "இரேஸ் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்", "ரீலோட்". ரீலோடுக்கு முன் கன்ஃபிக்கைச் சேமிக்கவா என்று கேட்டால் "நோ" சொல்ல வேண்டும். "எஸ்" சொன்னால் அழித்ததையே திரும்ப எழுதிவிடும்.

வெண்பச்சை:

கேபிளுக்கு வருகிறேன். உங்கள் வரிசை பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் மதிப்பெண் குறைத்தது நியாயமே.

ஈதர்நெட்டில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. மூன்றாம் பின்னுக்கு ஜோடி ஆறாம் பின். நாலாம் பின் இல்லை. உங்கள் வரிசைப்படி மூன்றில் வெண்பச்சை, ஆறில் நீலம். அதாவது ஒரே சிக்னலின் இரு பாதிகள் இரண்டு வெவ்வேறு முறுக்கில் போகின்றன. இரு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போகும்போதுதான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் போய் சிக்னல் நிற்கும். வேறு முறுக்கில் போனால் அந்தக் கழித்தலுக்குப் பொருளே இல்லை. இதற்குப் பிளவு ஜோடி என்று பெயர். விளக்கு டெஸ்டர் பார்ப்பது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும், அதனால் எட்டும் எரியும். இரண்டு மீட்டர் கேபிளில் ஓடிவிடவும் செய்யும். நீளம் கூடும்போது பிழை கூடும், வேகம் விழும்.

கம்பி வரிசைக்கான தரநிலையான டி568பி வரிசை: வெண்ஆரஞ்சு, ஆரஞ்சு, வெண்பச்சை, நீலம், வெண்நீலம், பச்சை, வெண்பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடியை நடுவில் விட்டு இரு பக்கமும் நிற்பதைக் கண்ணில் பதிய வையுங்கள். டி568ஏ-வில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், மற்றபடி அதே.

கிரிம்ப் செய்யும்போது மேலுறையைச் சுமார் 3 செ.மீ. உரியுங்கள், செம்பில் கீறல் விழக்கூடாது. கம்பிகளை நீவி நேராக்கி வரிசைப்படுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாகப் பிடித்தபடியே 12–13 மி.மீ. விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். முறுக்கைப் பிரித்த நீளம் 13 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது. பிளக்கின் கிளிப் கீழே பார்த்திருக்க, முதல் கம்பி இடது ஓரம். உள்ளே தள்ளியதும் பிளக்கின் முகப்பில் எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிய வேண்டும், மேலுறை பிளக்குக்குள் அழுத்தும் கட்டையைத் தாண்டி வந்திருக்க வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகுதான் கருவியை அழுத்துவது. மேலுறை வெளியே நின்றுவிட்டால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் விசை கம்பியில் விழும். தேர்வாளர் முதலில் இழுத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

இணைத்த பிறகு ஸ்விட்ச்சில் "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்" பாருங்கள். இரு பக்கமும் கிகாபிட் போர்ட்டாக இருந்தும் 100 என்று காட்டினால் 4, 5, 7, 8-ல் ஏதோ ஒன்று சரியாகக் கடிபடவில்லை என்று சந்தேகப்படலாம். 100-க்கு 1, 2, 3, 6 போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். "ஷோ இன்டர்ஃபேஸஸ்"ஸில் சிஆர்சி (சேதமடைந்து வந்த ஃபிரேம்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிள், அல்லது டூப்ளெக்ஸ் பொருந்தாமை: ஒரு பக்கம் ஒரே நேரத்தில் அனுப்பி வாங்கும் (ஃபுல்), மறுபக்கம் மாறி மாறிச் செய்யும் (ஹாஃப்). ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கையால் நிர்ணயித்து மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் (தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு பாக்கெட்) போகும், பெரிய கோப்பு நகராது. பிங் போனதால் எல்லாம் சரி என்று பலரும் ஏமாறுவது இதில்தான்.

கடைசி_ஆக்டெட்:

பாக்கெட் டிரேசர் போதுமா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. கட்டளைகள் கைக்குப் பழக அது தாராளமாகப் போதும். ஆனால் சில விஷயங்களை அது காட்டாது, லேபில் அவைதான் நேரத்தைத் தின்னும்.

பாக்கெட் டிரேசரில் கணினியும் கணினியும் உடனே பிங் செய்துகொள்ளும். உண்மையான விண்டோஸ் கணினியில் ஃபயர்வால் உள்வரும் பிங்கைத் தடுத்துவைத்திருக்கும். கேட்வேக்குப் பிங் போகிறது, எதிர்க் கணினிக்கு மட்டும் போகவில்லை என்றால் ரவுட்டர் கன்ஃபிக்கைக் கலைக்காதீர்கள். முதலில் எதிர்க் கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். வைஃபையும் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கெட் அந்த வழியாகப் போய்விடலாம்.

கன்சோல் கேபிள் வழியாக உள்ளே போக வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. திரையில் குப்பையாக எழுத்து வந்தால் வேகம் தவறு. உள்ளே போனதும் முதலில் "நோ ஐபி டொமைன்-லுக்அப்" கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கட்டளையை எழுத்துப்பிழையோடு தட்டும்போது, அதை ஏதோ ஒரு கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு ரவுட்டர் தேடப் போய்விடும். ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். அப்படி மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

சரியாகச் செய்ததைத் தவறு என்று நினைத்துக் கலைப்பது இரண்டு இடத்தில் நடக்கும். கேபிளைச் செருகியதும் ஸ்விட்ச் போர்ட் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும்: ஸ்பானிங்-ட்ரீ கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி, மொத்தம் 30. அதற்குள் கணினி டிஎச்சிபி-யிடம் (முகவரியைத் தானாக வழங்குவது) கேட்டு அலுத்து 169.254-ல் தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். கணினி இருக்கும் போர்ட்டில் "ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்" கொடுத்தால் காத்திருப்பு இல்லை. ஸ்விட்ச் இருக்கும் போர்ட்டில் அதைக் கொடுக்கவே கூடாது, லூப் வரும். மற்றது பிங். ரவுட்டரிலிருந்து முதல் பிங்கில் ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும் வந்து 80 சதவீதம் என்று காட்டும். எதிர்ப்பக்கத்தின் மேக் முகவரியை (வன்பொருள் முகவரி) ஏஆர்பி என்ற நெறிமுறை கேட்டு வாங்குவதற்குள் முதல் பாக்கெட்டின் நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு முறை பிங் செய்தால் ஐந்தும் வரும். வந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

ஆறு வாரத்தைப் பற்றி ஒன்று. ஓடும் டோபாலஜி (நெட்வொர்க் இணைப்பு அமைப்பு) ஒன்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, வகுப்புத் தோழர் ஒருவரை அதில் மூன்று இடத்தைக் கெடுக்கச் சொல்லுங்கள்: ஒரு மாஸ்க், ஒரு அலவ்டு பட்டியல், ஒரு "ஷட்டவுன்". "ஷோ ரன்னிங்-கன்ஃபிக்" பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு, "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்", "ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்", "ஷோ வீலேன் பிரீஃப்", "ஷோ ஐபி ரூட்" இந்த நான்கை வைத்தே கண்டுபிடியுங்கள். முதல் வாரம் ஒன்றுக்கு அரைமணி நேரம் ஆகும். பரவாயில்லை.

முதல்_ஹாப்:

நடு ஸ்விட்ச்சில் "வீலேன் 20" கொடுத்ததும் ஓடிவிட்டது. "ஷோ வீலேன் பிரீஃப்" போட்டால் 10 தவிர 30, 99 என்றும் இரண்டு கிடந்தன, நான் வைத்தவை அல்ல. கேபிளை நாளை டி568பி-யில் திரும்பச் செய்கிறேன். ஒரு சின்ன சந்தேகம்: 2960-ல் "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ" தட்டினால் கட்டளையே இல்லை என்கிறது, 3560-ல் அது இல்லாமல் டிரங்க் ஆக மறுக்கிறது. எது சரி?

நேட்டிவ்_ஒன்று:

இரண்டும் சரி. 3560-க்கு ஐஎஸ்எல் என்ற பழைய சிஸ்கோ முறையும் தெரியும், அதனால் எது என்று முதலில் சொல்ல வேண்டும். 2960-க்கு டாட்1க்யூ மட்டும்தான் தெரியும், கேட்பதற்கு ஒன்றுமில்லை. நேரே "ஸ்விட்ச்போர்ட் மோட் டிரங்க்" கொடுங்கள்.